எந்த இணைப்புக்கு எந்தப் பசை?

எடுவார்ட் என்ற செக் நாட்டு நிறுவனம் புரோஃபிபேக் என்ற வரிசையில் 1/48 அளவு ஸ்பிட்ஃபயர் விமானக் கிட்டுகளை விற்கிறது. பெட்டியைத் திறந்தால் உடலும் இறக்கையும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் இருக்கும். கருவிப் பலகையும் இருக்கை வார்களும் காகிதத் தடிமனே உள்ள உலோகத் தகட்டில் ரசாயனத்தால் அரித்தெடுக்கப்பட்டவை. போட்டோ எட்ச் என்பார்கள். விமானியின் தலைக்கு மேல் வரும் கேனோபி, ஊடுருவிப் பார்க்கக்கூடிய தெளிவான பிளாஸ்டிக். ஆர்வம் கூடியவர்கள் இவற்றோடு ரெசினில் வார்த்த சக்கரங்களையும், வெள்ளை உலோகத்தில் வார்த்த தரையிறங்கு கால்களையும் தனியே வாங்கிச் சேர்ப்பார்கள். கட்டி முடித்தால் சுமார் 19 சென்டிமீட்டர் நீளம் வரும் விமானம் அது. அதற்குள் ஐந்து வகைப் பொருட்கள் ஒன்றையொன்று பற்றி நிற்க வேண்டும்.

புதிதாக இந்த மாடல் கட்டும் கலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "இருப்பதிலேயே வலுவான பசை எது?" என்றுதான். என் பார்வையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அலமாரியில் நிற்கப்போகும் மாடலில் பெரும்பாலான இணைப்புகள் தம் எடையைக்கூடச் சுமப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியது, சந்திக்கும் இரண்டு பரப்புகளும் என்ன பொருள் என்பது. அடுத்தது, அவற்றைச் சரியான கோணத்தில் நிறுத்த உங்களுக்கு எவ்வளவு நேரம் தேவை என்பது. மூன்றாவது, பசை காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியும்படி எதை விட்டுச் செல்லும் என்பது. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பசை பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

பாலிஸ்டைரீனோடு பாலிஸ்டைரீன் சேரும் இடத்தில் தயக்கமே வேண்டாம், பிளாஸ்டிக் சிமென்ட்தான். உண்மையில் அது ஒட்டுவதில்லை, கரைக்கிறது. இரு பக்கத்துப் பரப்பும் இளகி, ஒன்றின் மூலக்கூறுச் சங்கிலிகள் மற்றொன்றுக்குள் புகுந்து பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியான பிறகு நடுவில் பசை என்று எதுவும் மிஞ்சாது. இரண்டு துண்டுகள் ஒரே துண்டாகியிருக்கும். இந்தக் கலையில் நமக்குக் கிடைக்கும் மற்ற எல்லாப் பசைகளும் பரப்பைப் பற்றிக்கொள்பவை மட்டுமே.

சிமென்ட்டிலும் இரண்டு வகை உண்டு, இரண்டும் வேறு வேறு வேலைக்கு. டமியா நிறுவனத்தின் பச்சை மூடி போட்ட எக்ஸ்ட்ரா தின், தண்ணீர்போல ஓடும். அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும் கலந்த திரவம் அது. துண்டுகளை முதலில் பொருத்திப் பிடித்துக்கொண்டு, மூடியிலேயே இருக்கும் தூரிகையின் நுனியால் இடுக்கைத் தொட்டால் போதும், திரவம் தானே இடுக்கு நெடுக ஓடி நிரம்பும். இறக்கை விளிம்பு, உடலின் நடுக்கோடு போன்ற நீண்ட இணைப்புகளுக்கு இதற்கு நிகர் இல்லை. ஒரே எச்சரிக்கை: இடுக்கின் மேல் உங்கள் விரல் இருந்தால் திரவம் விரலுக்கு அடியிலும் ஓடி, ரேகையை நிரந்தரமாகப் பதித்துவிடும். வெள்ளை மூடி போட்ட சாதா டமியா சிமென்ட் கெட்டியானது. அதை இரு பரப்பிலும் பூசி, சற்றுப் பொறுத்து, அழுத்திச் சேர்க்க வேண்டும். மெதுவாக இறுகுவதால் தரையிறங்கு கால், வால் இறக்கை போன்றவற்றைக் கோணம் பார்த்துத் திருத்த அவகாசம் கிடைக்கும். ரெவெல் நிறுவனத்தின் கான்டாக்டா புரொஃபெஷனல் மெல்லிய உலோகக் குழல் வழியாகச் சொட்டும்; சின்னத் துண்டுகளுக்கு வசதி.

வெறும் அசிட்டோன் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அசிட்டோன் கரைக்கும், ஆனால் வேலையை முடிக்குமுன் பறந்துவிடும். அதன் வேகத்தை மட்டுப்படுத்தத்தான் பியூட்டைல் அசிட்டேட் கூடவே இருக்கிறது. ஹார்டுவேர் கடைத் தின்னரில் என்னென்ன கரைப்பான் எந்த விகிதத்தில் இருக்கிறது என்பது டப்பாவுக்கு டப்பா மாறும்; நல்ல கிட்டை அதில் சோதிக்க வேண்டாம். சிமென்ட் எளிதில் தீப்பிடிக்கும் திரவம் என்பதால் விமானத் தபாலில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முடியாது. உள்நாட்டு விற்பனையாளரிடம் கிடைக்கும்போது இரண்டு பாட்டிலாக வாங்கி வைப்பதே புத்திசாலித்தனம்.

சிமென்ட் போட்ட இணைப்பு அரைமணியில் கையாளத் தயாராகிவிடும். ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க அன்றே உட்காரக் கூடாது. உள்ளே சிக்கிய கரைப்பான் நாள்கணக்கில் மெல்ல வெளியேறும். அப்போது பிளாஸ்டிக் சற்றே சுருங்கும். அவசரப்பட்டு வழவழப்பாகத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தவரின் மாடலில் சில வாரம் கழித்து ஒரு மெல்லிய பள்ளக்கோடு எழும்பி வருவது இதனால்தான். குறைந்தது ஒரு நாள், கெட்டி சிமென்ட் என்றால் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள்.

சிமென்ட் எங்கே வேலை செய்யாது என்பதும் அதே ரசாயனத்திலிருந்து வருகிறது. அது கரைக்காத பொருளை அது இணைக்காது. ரெசின் கரையாது, உலோகம் கரையாது. சிறிய போர்வீரர் பொம்மைகளுக்கும் ரோபோ கிட்டுகளின் மூட்டுகளுக்கும் பயன்படும் பாலிஎதிலீனும் கரையாது. பெயிண்ட் அடித்த பரப்பில் சிமென்ட் முதலில் பெயிண்டைக் குழப்பும், பிளாஸ்டிக்கை எட்டாது. அங்கே பிளேடால் சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும். சில கிட்டுகளில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். துண்டுகளைத் தாங்கும் சட்டத்திலேயே ஏபிஎஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். அதற்கென்று தனிச் சிமென்ட் உண்டு, டமியாவே விற்கிறது.

இனி ரெசினும் உலோகமும். இங்கேதான் சயனோஅக்ரிலேட், நம் ஊரில் ஃபெவிக்விக் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்த வகை, உள்ளே வருகிறது. அது காற்று பட்டுக் காய்வதில்லை. பரப்பில் படிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஈரம்தான் அதைத் தூண்டி நொடிகளில் பாலிமராக மாற்றுகிறது. அதனால் மெல்லிய படலமாக இருந்தால் சட்டென்று இறுகும். மொத்தமாகக் கொட்டினால் நடுப்பகுதி நெடுநேரம் இறுகாமல் கிடக்கும். கூடுதலாக ஊற்றினால் வலு குறைகிறது என்பதைப் பலர் நம்புவதில்லை, ஆனால் அதுதான் நிஜம். ஒரு காகிதத் துண்டில் ஒரு சொட்டு விட்டு, அதிலிருந்து ஊசி முனையால் தொட்டெடுத்து வைப்பதே போதுமான அளவு.

கடைகளில் இது நீர்த்தது, நடுத்தரம், ஜெல் என்று மூன்று தடிமனில் கிடைக்கும். நீர்த்தது ஒட்டிப் பொருந்திய இடுக்குகளுக்கு. நடுத்தரம் ரெசின் துண்டுகளுக்கு. ஜெல் ஓடாது, சில நொடி கூடுதலாக அவகாசம் தரும்; போட்டோ எட்ச் துண்டை இடுக்கியில் பிடித்து வைத்து, ஒரு இழை நகர்த்திச் சரிசெய்ய ஜெல்லே நல்லது. பெட்டிக்கடையில் அட்டையில் தொங்கும் சின்னக் குழாயை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. பெரிய பாட்டில் திறந்த நாளிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக் கெட்டிப்படத் தொடங்கும். சின்னக் குழாயோ ஒவ்வொரு முறையும் புதிது. மாதம் ஒரு மாடல் கட்டுகிறவருக்கு அதுவே சிக்கனம்.

ரெசின் துண்டை ஒட்டுமுன் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவ வேண்டும். அச்சிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசிய வழுக்கல் பொருள் அதன்மேல் இருக்கும்; அது இருந்தால் எந்தப் பசையும் நிற்காது, பெயிண்டும் உரியும். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் கிளம்பும் தூள் நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது, முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். உலோகத் தகட்டைப் பொறுத்தவரை, ஒட்டப்போகும் பக்கத்தை நுண்ணிய உப்புத்தாளால் ஒரு தடவை மங்கலாக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டால் பிடிமானம் இரட்டிப்பாவதை உணர்வீர்கள். வட்டமாக வளைக்க வேண்டிய பித்தளைத் துண்டைச் சுடரில் காட்டி ஆறவிட்டால் நெகிழ்ந்து கொடுக்கும். விறைப்பாகத் திமிறும் தகட்டை எந்தப் பசையாலும் அடக்கிவைக்க முடியாது. கருவிப் பலகைபோலத் தட்டையாக விரியும் துண்டுக்கு சயனோவே வேண்டாம். பளபளப்பு அக்ரிலிக் வார்னிஷை ஒரு பூச்சுப் பூசி, ஈரத்தின்மேல் தகட்டைப் படியவைத்தால் பிசிறில்லாமல் உட்காரும், நகர்த்தவும் நேரம் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெயிண்ட் அடித்த பரப்பில் சயனோவை வைத்தால் அது பெயிண்டைத்தான் பிடிக்கிறது. பெயிண்ட் பிளாஸ்டிக்கை எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவுதான் அந்த இணைப்பின் வலு.

சயனோவின் குறை, அது உடையும் தன்மை கொண்டது. நேராக இழுத்தால் தாங்கும். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால், அல்லது உரிப்பதுபோல ஒரு முனையிலிருந்து நெம்பினால், விட்டுவிடும். வெள்ளை உலோகக் கால்களுக்கு அதை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுவே. மாடலை மேசையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காலில்தான் பக்கவாட்டு அதிர்ச்சி விழுகிறது. அங்கே எப்பாக்சி வேண்டும்.

எப்பாக்சி என்றால் இரண்டு குழாய், பிசினும் இறுக்கியும். சம அளவில் பிதுக்கி, நிறம் ஒன்றாகும்வரை கலக்க வேண்டும். கண்ணளவில் ஏறக்குறைய என்று பிதுக்கினால் ஒரு பகுதி என்றென்றும் பிசுபிசுத்தே கிடக்கும். நம் ஊர்க் கடைகளில் அரால்டைட் எளிதாகக் கிடைக்கிறது. மெதுவாக இறுகும் சாதாரண வகை, ஐந்து நிமிட வகை என இரண்டில், வலு என்று பார்த்தால் மெதுவானதே மேல். மாடலுக்கு ஐந்து நிமிட வகையே பெரும்பாலும் போதும். ஆனால் எப்பாக்சியின் இறுகும் வேகம் வெப்பத்தோடு கூடும். மே மாதத்து மதியத்தில் டப்பாவில் எழுதியிருக்கும் ஐந்து நிமிடத்தை நம்பி உட்காராதீர்கள். கலக்குமுன்பே துண்டுகளை வெறுமனே பொருத்திப் பார்த்து, கோணம் நிறுத்த அட்டைத் தாங்கியும் தயாராக வைத்திருங்கள். கொஞ்சமாகக் கலந்து, குவியலாக விடாமல் பரப்பி வைத்தால் சூடு குறைந்து கூடுதல் நேரம் கிடைக்கும்.

எப்பாக்சி காயும்போது அதிகம் சுருங்காது. அதனால் சரியாகப் பொருந்தாத துளையையும் நிரப்பிப் பிடிக்கும். ரெசின் சக்கரமோ, கனமான ரெசின் என்ஜினோ, துளைக்கும் அச்சுக்கும் இடைவெளி இருந்தால் இதுவே சரி. கால் கனமானது என்று தோன்றினால் காலின் முனையிலும் இறக்கையிலும் 0.5 மில்லிமீட்டர் துளையிட்டு ஒரு பித்தளைக் கம்பியைக் குறுக்கே நுழைத்துவிடுங்கள். பாரத்தைக் கம்பி சுமக்கும், எப்பாக்சி கம்பியைப் பிடித்துக்கொண்டால் போதும். தோலில் படாமல் நைட்ரைல் கையுறை போடுவது கட்டாயம். எப்பாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு விடாது.

கேனோபி தனிக் கவனம் கேட்கும் துண்டு. சயனோஅக்ரிலேட்டின் கதையே இங்கே விநோதமாக இருக்கும். 1942ல் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் ஹாரி கூவரின் குழு, துப்பாக்கிக் குறிநோக்கிக்காகத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இந்தப் பொருள் கைக்கு வந்தது. தொட்டதிலெல்லாம் ஒட்டியதால் ஒதுக்கிவைத்தார்கள். 1951ல் ஜெட் விமானக் கேனோபிகளுக்கு வெப்பம் தாங்கும் பாலிமர் தேடிய ஆராய்ச்சியில் அது மறுபடி தலைகாட்டியபோதுதான் அதன் பசைத்தன்மை உறைத்தது. 1958ல் ஈஸ்ட்மன் 910 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இப்படிக் கேனோபி ஆராய்ச்சியில் அடையாளம் கண்டெடுத்த பசையை மாடலின் கேனோபிக்கு மட்டும் வைக்கவே கூடாது. இறுகும்போது அதிலிருந்து எழும் ஆவி பக்கத்துப் பரப்பில் படிந்து வெண்பனி பூத்ததுபோல் ஆகிவிடும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம்போலக் கடற்காற்றில் ஈரம் மிகுந்த ஊர்களில், மூடிய அறையில், இது இன்னும் மோசம். சிமென்ட்டும் ஆபத்தே: ஒரு சொட்டு ஓடினால் தெளிவு போய்விடும், சில சமயம் மயிரிழை வெடிப்பு விழும்.

கேனோபிக்கு வெள்ளைப் பசைதான். பாலிவினைல் அசிட்டேட் என்ற அந்த வகையைத்தான் நாம் ஃபெவிகால் என்று அறிவோம். பல்குத்தும் குச்சியால் மெல்லிய கோடாகப் பூசி, கேனோபியை வைத்து, வழிந்ததை ஈரத் துணியால் துடைத்துவிடலாம். நீர் ஆவியாகித் தெளிவாகக் காயும். பிளாஸ்டிக்கின்மேல் அதன் பிடி பலவீனமானதே. ஆனால் கேனோபிக்கு என்ன பாரம்? அந்த இடத்தில் அது போதும். கேனோபிக்கென்றே விற்கும் பசைகள் இதைவிட நன்றாகப் பிடிக்கும், கிடைத்தால் வாங்குங்கள். மைக்ரோ கிறிஸ்டல் கிளியர் போன்றவற்றைச் சிறு ஜன்னல் துளையின் குறுக்கே குச்சியால் இழுத்துவிட்டால், 6 மில்லிமீட்டர்வரை படலமாகக் காய்ந்து அதுவே ஜன்னலாகிவிடும். இறக்கை முனை விளக்குகளுக்குப் புற ஊதா ஒளியில் இறுகும் தெளிவான பிசின் அருமையாக இருக்கும். ஒளி புகாத மூலையில் மட்டும் அது இறுகாது.

விமானத்தை விட்டுக் கப்பல் பக்கம் போனால் புதிய சிக்கல் ஒன்று வரும். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. 1/350 அளவுப் போர்க்கப்பல்களின் கைப்பிடிக் கம்பிவேலி நீண்ட பித்தளைத் தகடாக வரும். பாலிஸ்டைரீன் வெப்பத்தில் விரியும் அளவு பித்தளையைவிட மூன்று மடங்குக்கும் மேல். ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 70 பங்கு, பித்தளைக்கு 19 பங்கு. 100 மில்லிமீட்டர் நீள வேலியை ஒட்டிய பிறகு அறை வெப்பம் 20 டிகிரி மாறினால் இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர். கேட்கச் சிறிதாகத் தோன்றும். ஆனால் அந்த வேலிக் கம்பியின் தடிமனே ஏறக்குறைய அவ்வளவுதான். பிளாஸ்டிக் குளிர்ந்து சுருங்கும்போது சுருங்க மறுக்கும் பித்தளை அலையலையாக நெளியும், அல்லது சயனோ உடைந்து துள்ளி எழும். நீண்ட வேலியை நெடுகச் சயனோ வைத்து ஒட்டாதீர்கள். கம்பத்துக்குக் கம்பம் பார்த்துச் சின்னத் துண்டுகளாக வெட்டி, புள்ளி புள்ளியாகப் பசை வையுங்கள். சற்று நெகிழும் வெள்ளைப் பசையோ கேனோபி பசையோ இங்கே விறைப்பான சயனோவைவிட நீடிக்கும். முழு வேலையும் உலோகத்தோடு உலோகம் என்றால் சால்டரிங் கற்றுக்கொள்வதே உத்தமம்.

மரப்பலகை வைத்துக் கட்டும் பாய்மரக் கப்பல் கிட்டுகளுக்கு மரவேலைக்கான வெள்ளைப் பசையோ, மஞ்சள் நிற அலிபாட்டிக் பசையோ போதும். இறுகியபின் அந்த இணைப்பு மரத்தைவிட வலுவானது. அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு பதிக்கும்போது ரப்பர் அடிப்படையிலான கான்டாக்ட் பசை உதவும். அதே பசையை பிளாஸ்டிக் கிட்டில் வைக்காதீர்கள், அதிலுள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனைக் கரைத்துக் கோணலாக்கிவிடும். பழைய கிட்டுகளின் மெதுமெதுப்பான வினைல் டயர்களிலும் இதேபோன்ற ஒரு தொல்லை உண்டு. வினைலை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய் பல ஆண்டுகளில் வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் சக்கர மையத்தை உருக்கிவிடும். அதனால் அந்த டயர்களைப் பெட்டியிலேயே பிளாஸ்டிக் துண்டுகளிடமிருந்து பிரித்துத் தனிப் பையில் வைப்பது நல்லது.

கையில் காசு குறைவு, எதை முதலில் வாங்குவது என்று கேட்டால்: எக்ஸ்ட்ரா தின் ஒரு பாட்டில், சயனோ ஜெல் ஒன்று, வெள்ளைப் பசைக் குப்பி ஒன்று. இவை மூன்றும் இருந்தால் பெரும்பாலான கிட்டுகள் முடியும். எப்பாக்சியை முதல் உலோகக் கால் வரும்போது வாங்கிக்கொள்ளலாம். சயனோவைத் திறக்காதவரை குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். திறந்ததை மூடி இறுக்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில். குளிரிலிருந்து எடுத்தால் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் படியும். சயனோ சிந்தினால் பஞ்சால் துடைக்கவே கூடாது. பருத்தியோடு சேர்ந்தால் சூடாகிப் புகையும், கையைச் சுடும். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவிடுங்கள். கண்ணில் பட்டால் உடனே மருத்துவர். சிமென்ட்டுக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

பிரிக்க வேண்டி வந்தால் எதைப் பிரிக்க முடியும் என்பதையும் ஒட்டுமுன்பே யோசியுங்கள். வெள்ளைப் பசை தண்ணீரில் ஊறினால் விட்டுக்கொடுக்கும். சயனோ குளிரில் இன்னும் நொறுங்கும் தன்மை பெறும். மாடலை ஒரு பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்து எடுத்து, நெம்பினால் கழன்றுவரும். பித்தளைத் துண்டில் காய்ந்த சயனோவை அசிட்டோனில் ஊறவைத்துக் கரைக்கலாம், ஆனால் பாலிஸ்டைரீன் அருகில் அசிட்டோன் வரக்கூடாது. எப்பாக்சி இணைத்த உலோகத் துண்டுகள் கொதிநீரில் சற்று இளகும். சிமென்ட் போட்ட இணைப்பை மட்டும் ரம்பம் வைத்து அறுப்பதைத் தவிர வழியில்லை. அதனால் சிமென்ட் பாட்டிலைத் திறக்குமுன் ஒட்டப்போகும் துண்டுகளைப் பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். சின்னக் கண்ணாடியொன்றை எதிரில் நிறுத்தினால் இரு இறக்கைகளின் கோணமும் சமமா என்பது உடனே தெரியும்.